இடது கண்ணுக்கு நாள் குறிக்கும் முன்

கண்புரை அறுவை செய்யும் மருத்துவமனைகளை நடத்துவோருக்கும், எந்த லென்ஸ் வைப்பது என்று நோயாளியிடம் பேச வேண்டிய மருத்துவர்களுக்கும்,

உங்கள் ஆலோசனை அறையில், மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. மூன்று கட்டம். முதல் கட்டத்தின் தலையில் ‘சாதாரணம்’, அடுத்ததில் ‘உயர்தரம்’, கடைசியில் ‘அதி உயர்தரம்’. முதலாவதற்கு ஒரு நட்சத்திரம், நடுவில் மூன்று, கடைசிக்கு ஐந்து. ஐந்து நட்சத்திரக் கட்டத்தில் மூக்குக்கண்ணாடி இல்லாத ஒரு தம்பதி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 14 மாதங்களுக்கு முன் வலது கண்ணுக்காக வந்தபோது அந்தத் தாளைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் இடது கண்ணுக்காக வந்தேன். அதே தாள், அதே சிரிப்பு.

இந்தமுறை கையெழுத்துப் போடவில்லை. வைக்கப்போகும் லென்ஸ் என்ன மாடல், என்ன பொருளால் ஆனது, எந்தெந்தத் தூரத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரியும், அதை வைத்துக்கொள்வதால் எதை இழப்பேன் என்று எழுதித் தரச் சொன்னேன். அங்கிருந்த ஆலோசகர், “சார், அதெல்லாம் எழுதிக் குடுக்கற வழக்கம் இல்ல. ஒரு கண்ணுல ஏற்கெனவே இது இருக்கு. இன்னொண்ணுலயும் இதையே வெச்சாத்தான் ஜோடி சேரும்” என்றார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த தாளைத்தான் அவர் காட்ட முடியும். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சொன்னபடி இரண்டு நாளில் கூப்பிட்டார். ஒப்பீட்டு விவரங்களை எழுத்தில் தருவதில்லை என்பது நிர்வாகத்தின் முடிவாம்.

அந்த முடிவை வாயை மூடிக்கொண்டு ஏற்க என்னால் முடியவில்லை. பிறகு வேறு இரண்டு மருத்துவமனைகளுக்கும் போய் விசாரித்தேன். கட்டங்களின் நிறம்தான் வேறு. அதனால் ஒருவர் பெயரைச் சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது. 31 ஆண்டுகளாக அச்சுக்குப் போகும் எழுத்தோடுதான் குடித்தனம். அது ‘ர’வா, துணைக்காலா? மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழுந்திருக்கிறதா, இல்லையா? இந்தச் சின்னக் கோடும் புள்ளியும்தான் என் பிழைப்பு. வலது கண்ணில் புரை முற்றி, வெள்ளைத் தாளே பழுப்பாகத் தெரிய ஆரம்பித்தபோது பயந்துபோய் உங்களிடம் வந்தேன். “எழுத்து வேலைன்னு சொல்றீங்க, அப்ப கண்ணாடியே வேண்டாத லென்ஸ்தான் சார் உங்களுக்கு” என்றார்கள். ஐந்து நட்சத்திரத்தின் கீழே பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அந்த லென்ஸ் மோசம் என்று சொல்ல வரவில்லை. கட்டு அவிழ்த்த காலையில், வெள்ளை இவ்வளவு வெள்ளையா என்று சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல வெளிச்சத்தில், 35 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் மருந்து அட்டையின் பொடி எழுத்துகூடக் கண்ணாடி இல்லாமல் தெரிகிறது. தெருக்கோடிப் பெயர்ப்பலகையும் தெரிகிறது. ஆனால் நான் கையில் தாளைப் பிடித்து மெய்ப்புப் பார்த்துப் பத்து வருடமாகிறது. எல்லாம் கணினித் திரையில்தான். என் நாற்காலியிலிருந்து திரைக்கு 65 சென்டிமீட்டர்; பிற்பாடு நூல் பிடித்து அளந்தேன். அந்தத் தூரத்தில் எழுத்து, ஈரத்தாளில் மை ஊறினதுபோல் இருக்கிறது. என் லென்ஸுக்குத் தூரத்தில் ஒரு குவியம், கிட்டத்தில் ஒரு குவியம், நடுவில் ஒரு பள்ளம். நாள் முழுக்க நான் உட்கார்ந்திருப்பது அந்தப் பள்ளத்தில்.

திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அது கேள்வி என்பதே எனக்குத் தெரியாது.

இரவில் வண்டி ஓட்டுவீர்களா என்றும் கேட்கவில்லை. ஓட்டுவேன். கடைசிப் பக்கத்தை அனுப்பிவிட்டு, நள்ளிரவுக்குமேல் நானேதான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவேன். நிலா கோட்டை கட்டினால் மழை வரும் என்பார்கள். எனக்கு இப்போது எதிரே வருகிற ஒவ்வொரு விளக்கும் கோட்டை கட்டிக்கொண்டு வருகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய வளையங்கள். அறுவை முடிந்து மூன்றாம் மாதம், மழைவிட்ட ஓர் இரவில், சிக்னலின் சிவப்பு வளையத்துக்குள்ளேயே ஓர் ஆள் சாலையைக் கடந்துகொண்டிருந்திருக்கிறார். கடைசி நொடியில்தான் கண்டேன். அவர் திட்டிவிட்டுப் போனார். திட்டியது நியாயம். அன்றிலிருந்து சக ஊழியரின் வண்டியில்தான் வீடு திரும்புகிறேன்.

மறுபரிசோதனையில் இதைச் சொன்னேன். “மூளை பழகிக்கும், கொஞ்சம் பொறுங்க” என்றார்கள். உண்மைதான், பலருக்குச் சில மாதங்களில் பழகிவிடுகிறது. எனக்கும் பாதி பழகியது. மீதி பழகவில்லை. பிறகு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள், கடைசி வரிவரை படித்துவிட்டேன். 6/6. உங்கள் பதிவேட்டில் என் வலது கண் வெற்றிக் கணக்கில் இருக்கிறது. பளிச்சென்ற வெள்ளைப் பலகையில் கரிய எழுத்தைப் படிப்பதை மட்டும் அளந்தால் அப்படித்தான் வரும். சாம்பல் நிறச் சட்டை போட்டவர் மங்கிய சாலையில் நடப்பதை அந்தப் பலகை அளப்பதில்லை.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று தேடிப் படிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. ஆலோசனை அறையில் ஆறு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். என் லென்ஸின் மேற்பரப்பில் வட்டவட்டமாக நுண்ணிய படிகள் செதுக்கியிருக்கின்றன. உள்ளே வரும் ஒளியை அவை இரண்டாகப் பிரிக்கின்றன: ஒரு பங்கு தூரத்துக்கு, ஒரு பங்கு கிட்டத்துக்கு. சமமாகப் பிரிக்கும் இருகுவிய லென்ஸில் ஒவ்வொரு பங்குக்கும் கிடைப்பது சுமார் 41 சதவீதம். மீதி 18 சதவீதம் பயன்படும் குவியம் எதற்கும் சேராமல் போகிறது. ஒரு குடத்துத் தண்ணீரை இரண்டு குடத்தில் ஊற்றினால் இரண்டு குடம் நிறையாது. போதாக்குறைக்கு, தூரத்துப் பொருளை நான் பார்க்கும்போது கிட்டத்துக்கான பங்கு குவியம் தப்பிய பிம்பமாக அதன்மேல் படிகிறது. விளக்கைச் சுற்றி வளையமாகத் தெரிவது அதுதான். லென்ஸில் பழுது ஒன்றும் இல்லை. அது வேலை செய்யும் விதமே அப்படி. மூன்று குவியம் உள்ள லென்ஸ் நடுத்தூரத்துக்கும் ஒரு பங்கு கொடுத்துப் பள்ளத்தைத் தூர்க்கிறது. ஆனால் பங்கு போடுவது அதே ஒளியைத்தான். குவியத்தை நீட்டித் தருகிற, நீங்கள் ஈடாஃப் என்று சொல்கிற வகை, திரைத் தூரத்துக்கு நன்றாக இருக்கும், வளையத் தொல்லையும் பொதுவாகக் குறைவு. பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேடவேண்டி வரலாம்.

அப்படியானால் இவற்றில் எது ஐந்து நட்சத்திரம்? இரவில் வெளியே போகாத, நாள் முழுக்கப் புத்தகம் படிக்கிற ஒருவருக்கு என் லென்ஸ் வரமாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. உங்கள் தாள் இவற்றை மாடிப்படிபோல அடுக்கியிருக்கிறது, ஏறஏற நல்லது என்பதுபோல. ஒவ்வொரு லென்ஸும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்கிறது. என்ன வாங்கிக்கொள்கிறது என்ற பத்தியை மட்டும் தாளிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

இது ஏதோ என் ஒருவனுடைய புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. பல குவியம் உள்ள மல்டிஃபோகலையும் ஒற்றைக் குவிய மோனோஃபோகலையும் ஒப்பிட்ட சோதனைகளைத் திரட்டி, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: மல்டிஃபோகல் வைத்தவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் தெரிவது மேல், வளையமும் கண்கூச்சமும் அவர்களுக்கே அதிகம். உங்கள் துறையின் சொந்தச் சான்று. முதல் பாதியைச் சிரிக்கும் தம்பதியாக அச்சடித்தீர்கள். இரண்டாம் பாதி எங்கே?

தாளின் நடுக்கட்டத்தில் ‘நீல ஒளிப் பாதுகாப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது. மஞ்சள் சாயம் கலந்த லென்ஸ் விழித்திரையைக் காக்கிறது என்ற பொருளில். அதே அமைப்பு 2018இல் இந்த வகை லென்ஸ்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, விழித்திரையின் மையத்துக்கு அதனால் நன்மை உண்டா என்று இருக்கிற சான்றை வைத்து முடிவாகச் சொல்ல இயலாது என்றே முடிகிறது. நிரூபணம் ஆகாததற்கு நட்சத்திரம் போடுவது எந்தக் கணக்கு?

இனி, எனக்கு அதிகக் கோபம் வந்த இடத்தைச் சொல்கிறேன். ‘சாதாரணம்’ என்ற முதல் கட்டம்.

என் அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் அந்தச் சாதாரண லென்ஸ்தான். ஒரே குவியம். படிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறார், கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். இரவில் அவர் ஓட்ட, பக்கத்தில் நான் உட்கார்ந்து போகிறேன். முன்னால் போகிற வண்டியின் எண்ணை அவர் வாசிக்கிறார். நான் அதன் சிவப்பு விளக்கைச் சுற்றி வளையங்களை எண்ணுகிறேன். போன பௌர்ணமியன்று மொட்டைமாடியில் நின்று ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். புரை விழத் தொடங்கிய இடது கண்ணில் நிலவு கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் மங்கல், ஆனால் ஒரே நிலவு. வலது கண்ணில் பளீர் வெள்ளை, சுற்றிலும் வளையம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் சௌகரியமான ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டான். யாரும் கேட்கவில்லை.

அந்த ஒற்றைக் குவிய லென்ஸுக்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. குவியத்தை எந்தத் தூரத்துக்குக் குறி வைப்பது என்ற முடிவு. பெரும்பாலும் யாரையும் கேட்காமலே தூரத்துக்கு வைத்துவிடுகிறீர்கள். கட்டாயம் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று இல்லையே! கண்ணை ஒன்றரை டையாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) கிட்டப்பார்வையில் நிறுத்தினால், ஒரு மீட்டரை ஒன்றரையால் வகுக்க, தெளிவு விழும் இடம் சுமார் 67 சென்டிமீட்டர். என் திரை 65இல். அதாவது, நான் பிழைப்பு நடத்தும் தூரத்தை ஒற்றை நட்சத்திர லென்ஸ், ஒளியைப் பங்கு போடாமலே, துல்லியமாகக் கொடுத்திருக்கும். வண்டி ஓட்ட மட்டும் ஒரு கண்ணாடி போட்டிருப்பேன். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் முறையும் உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதைப் போட்டுக் காட்ட ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் போதும். தாளில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை, ஏனென்றால் அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

குறி தப்பினால் என்ன ஆகும் என்பதை உங்கள் துறை முதல் நாளிலேயே கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தைத்த விமான மேற்கூரையின் அக்ரிலிக் சில்லுகளைக் கண் பொறுத்துக்கொள்வதைக் கவனித்த பிரிட்டிஷ் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, 29 நவம்பர் 1949 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். கண் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் லென்ஸின் பவர் எக்கச்சக்கம். அந்த நோயாளிக்கு ஏறத்தாழ 18 டையாப்டர் கிட்டப்பார்வை வந்துவிட்டது. அன்று கண்ணின் நீளத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி கிடையாது. இன்று இருக்கிறது. அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இரண்டரை முதல் மூன்று டையாப்டர்வரை பவர் மாறும் என்பதால் நீங்களும் கவனமாகத்தான் அளக்கிறீர்கள். இவ்வளவு கவனமாக அளந்துவிட்டு, எந்தத் தூரத்துக்கு என்று கேட்காமல் விடுகிறீர்கள்.

லென்ஸ் எந்தப் பொருளால் ஆனது என்பது பற்றியும் தாளில் ‘மடிக்கக்கூடியது’ என்ற ஒரு சொல்தான். அது யாருக்கு என்ன சொல்கிறது? மடிகிற லென்ஸ்களிலேயே நீரை ஒட்டாத அக்ரிலிக் உண்டு, நீரை ஏற்கும் அக்ரிலிக் உண்டு, சிலிக்கோன் உண்டு. நீரை ஒட்டாத வகையில், விளிம்பு சதுரமாக வெட்டியிருந்தால், லென்ஸுக்குப் பின்னாலுள்ள படலம் மங்கி, அதைத் திறக்க யாக் லேசருக்குப் போகிற தேவை குறைவு. அதில் நாளடைவில் மினுமினுப்பான நுண்குமிழிகள் உருவாகலாம். நீரை ஏற்கும் வகையில் சிலருக்குச் சுண்ணாம்பு படிந்து லென்ஸே மங்கியிருக்கிறது. பிற்பாடு வேறொரு அறுவைக்காகக் கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்தினால் அந்த ஆபத்து கூடும். சிலிக்கோன் லென்ஸ் வைத்தவருக்கு விழித்திரை விலகி, உள்ளே சிலிக்கோன் எண்ணெய் நிரப்ப நேர்ந்தால், எண்ணெய் லென்ஸில் ஒட்டிக்கொண்டு பார்வையைக் கெடுக்கும். சர்க்கரை நோயால் நாளைக்கு விழித்திரை அறுவை வரக்கூடிய ஒருவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? என் அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்குள் இருப்பது எந்தப் பொருள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என்னுடையது தெரிந்த கதையைக் கேளுங்கள். நோயாளிக் கோப்பின் நகல் வேண்டும் என்று மூன்று தடவை அலைந்தேன். கடைசியில் வந்த கோப்பில், அறுவைக் குறிப்புத் தாளின் ஓரத்தில் கோணலாக ஒட்டிய ஒரு சின்ன ஸ்டிக்கர். மாடல் எண், வரிசை எண், +21.5 டையாப்டர், அகலம் 6.00, முழு நீளம் 13.00 மில்லிமீட்டர். என் கண்ணுக்குள் 14 மாதமாகக் குடியிருக்கும் பொருளின் பெயரை அன்றுதான் வாசித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745ஆம் எண் ஒழுங்குமுறை, உடலில் பொருத்தும் கருவிகளின் அடையாள விவரங்களை அட்டையாக நோயாளி கையிலேயே கொடுக்க வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கிற இடம், இல்லாத இடம் என்று பார்க்காதீர்கள். ஸ்டிக்கரை இரண்டாக அச்சடித்தால் ஒன்று கோப்புக்கு, ஒன்று எனக்கு.

“இதையெல்லாம் சொன்னா பேஷன்ட் குழம்பிடுவாங்க” என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். வயதானவர்கள், கண் மங்கியவர்கள், அவர்களிடம் வரைபடத்தை நீட்டி என்ன பயன் என்று கேட்டார். அந்தக் கவலையை மதிக்கிறேன். வெளியே ஐம்பது பேர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் குழம்பும் என்று சொல்லி மறைத்த விஷயம் பிற்பாடு இரவுச் சாலையில் தெரியவந்தால் அதைவிடப் பெரிய குழப்பம். எனக்கு வேண்டியது ஒளியியல் பாடமும் இல்லை. “ராத்திரி வண்டி ஓட்டுவீங்களா? கம்ப்யூட்டர் எவ்வளவு தூரத்தில? படிக்கிறப்ப கண்ணாடி போட்டா பரவாயில்லையா, இல்ல எரிச்சலா இருக்குமா?” இந்த மூன்று கேள்வி போதும், என் முடிவு மாறியிருக்கும்.

பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். மாற்றலாம்தான். ஆனால் நாள் ஆகஆக லென்ஸைத் தாங்கும் பை அதோடு இறுகிக்கொள்கிறது, எடுப்பது கடினமாகிறது. என் மங்கலுக்கு யாக் லேசர் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கட்டத்தில் கேட்டார்கள். பையின் பின்சுவரில் லேசர் ஓட்டை போட்டுவிட்டால் பிறகு லென்ஸை மாற்றுவது இன்னும் ஆபத்து என்பதை வேறொரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் பொறுமையாக அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவரைப் போன்றவர்கள் உங்களிடையே இருக்கிறார்கள் என்பதால்தான் இந்த மடலை எழுதவே துணிந்தேன்.

லென்ஸ்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட முடியாது என்றும் சொல்லிவிடாதீர்கள். உள்விழி லென்ஸ்களுக்கென்றே ஐஎஸ்ஓ 11979 என்ற சர்வதேசத் தரநிலைத் தொகுப்பு இருக்கிறது. ஈடாஃப் என்று பெயர் வைக்க, ஒற்றைக் குவிய லென்ஸைவிடக் குறைந்தது அரை டையாப்டராவது குவிய ஆழம் (தெளிவு நீடிக்கும் வீச்சு) கூட வேண்டும் என்று அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டுத் தரநிலை வரையறுக்கிறது. தூரம் மாறமாற தெளிவு எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கோட்டை, டிஃபோகஸ் வளைவை, நீங்கள் மாநாடுகளில் ஒருவருக்கொருவர் திரையில் போட்டுக் காட்டுகிறீர்கள். என் லென்ஸ் வகையின் வளைவைப் பிற்பாடு பார்த்தேன். இரண்டு மேடு, நடுவில் பள்ளம். என் நாற்காலி அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அந்தப் படம் அறுவைக்கு முன் என் கைக்கு வந்திருக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறேன்.

நட்சத்திரத் தாளை எடுத்துவிடுங்கள். ‘சாதாரணம்’, ‘அதி உயர்தரம்’ என்ற பெயர்களையும் சேர்த்து. லென்ஸை அது செய்யும் வேலையால் அழையுங்கள்: ஒற்றைக் குவியம், இரட்டை, மூன்று, நீட்டிய குவியம், சிலிண்டர் பவரைத் திருத்தும் டோரிக். புதிய தாளில் ஒவ்வொரு வகைக்கும் தெருத் தூரம், கைநீட்டும் தூரம், புத்தகத் தூரம் மூன்றிலும் தெளிவு எப்படி என்பதை டையாப்டரில் சொல்லாமல் சென்டிமீட்டரில் போடுங்கள். பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், இரவு வெளிச்சத்தில் என்ன தெரியும் என்று ஒரு படம் போடுங்கள். சிரிக்கும் தம்பதி இருந்த இடம் காலியாகத்தானே இருக்கும்.

பவர் கணக்கிடும் படிவத்தில் கண்ணின் நீளத்துக்கும் கருவிழி வளைவுக்கும் இடம் இருக்கிறதே, அதற்குக் கீழே மூன்று வரி சேருங்கள்: திரைத் தூரம், இரவில் வண்டி ஓட்டுவாரா, எந்தத் தூரத்துக்குக் கண்ணாடி போடச் சம்மதம். குறி வைக்கும் தூரத்தை நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தை அந்தத் தாளிலேயே வாங்குங்கள். இந்தப் பேச்சை ஆலோசகரிடம் மட்டும் தள்ளிவிடாமல், கத்தியைப் பிடிக்கப்போகும் மருத்துவர் ஐந்து நிமிடமாவது தானே பேச வேண்டும்.

விழித்திரையின் மையத்தில் கோளாறு, முற்றிய கண் அழுத்த நோய், கருவிழி ஒழுங்கின்மை உள்ளவர்களுக்கு ஒளியைப் பங்கு போடும் லென்ஸ் பொதுவாக ஏற்றதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தாளிலும் எழுதுங்கள். டோரிக் லென்ஸ் அச்சிலிருந்து ஒரு பாகை திரும்பினால் திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் போய்விடும், 30 பாகை திரும்பினால் பலனே இல்லை. திரும்பிவிட்டால் யார், எப்போது சரிசெய்து தருவார்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

அறுவை முடிந்த அன்றே லென்ஸின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை நோயாளியின் கையில் இருக்கட்டும். ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் கேட்டால், அலையவிடாமல் ஒரு வாரத்துக்குள் கொடுங்கள். என் அண்ணனுக்கானதை இந்த மடலிலேயே கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் இடது கண்ணைப் பற்றி ஒன்று. ஜோடி சேர வேண்டும் என்று ஆலோசகர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மல்டிஃபோகல் இரண்டு கண்ணிலும் இருந்தால் பலன் கூடுதல் என்று நானும் படித்தேன். இரவுச் சாலைக்காக ஒற்றைக் குவியத்தைத் தூரத்துக்கு வைப்பதா, திரைக்காக 67 சென்டிமீட்டருக்கு வைப்பதா என்று இரண்டு மனமாக இருக்கிறேன். எதை எடுத்தாலும் ஒன்று போகும். எது போனால் பரவாயில்லை என்பதை நான் சொல்கிறேன். எவ்வளவு போகும் என்பதை நீங்கள் எழுத்தில் சொல்லுங்கள்.

அறுவைக்கு நாள் குறிக்கச் சொல்லி இரண்டு தடவை குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தத் தாள் வந்த மறுநாள் வந்து குறித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலது கண் முடிந்து இடது கண்ணுக்குக் காத்திருக்கும் ஒரு மெய்ப்புத் திருத்துநர்